சிலுவையில் நடந்தது தண்டனையா, ஈடா? ஒரு வக்கீலின் கேள்வி

பாளை வக்கீல் எழுதியது:

பெரிய வெள்ளி மும்மணி ஆராதனைக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கதை பழக்கமாக இருக்கும். ஒரு நீதிபதிக்கு முன்னால் அவருடைய சொந்த மகனே குற்றவாளியாக வந்து நிற்கிறான். அவர் சட்டத்தை வளைக்கவில்லை, முழு அபராதத்தையும் விதிக்கிறார். அப்புறம் கறுப்பு அங்கியைக் கழற்றி வைத்துவிட்டுக் கீழே இறங்கி வந்து, அந்த அபராதத்தைத் தன் பணத்திலிருந்தே கட்டுகிறார். நீதியும் நிறைவேறியது, அன்பும் நிறைவேறியது, இயேசுவைச் சிலுவையில் அறைந்த கல்வாரியில் நடந்தது இதுதான் என்று பிரசங்கம் முடியும்.

பல பேர் சொல்லிக் கேட்டுவிட்டேன். மகன் சிநேகிதனாக மாறுவான், ஊர் மாறும், தொகை மாறும். அபராதம் என்பது மட்டும் மாறுவதில்லை. மகனுக்குத் தூக்குத்தண்டனை விதித்துவிட்டு, நீதிபதி இறங்கிவந்து தானே தூக்கில் தொங்கினார் என்று ஒருவர்கூடச் சொல்லிக் கேட்டதில்லை. அப்படிச் சொன்னால் அதை நீதி என்று சபையில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் சிலுவையில் நடந்தது மரணம். பணம் கட்டும் கதையை வைத்து மரணத்தை விளக்கலாமா என்பதுதான் என் முதல் சந்தேகம்.

நான் குற்றவியல் வழக்குகள் நடத்துகிறவள். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் குடித்துவிட்டு ரகளை, சீட்டாட்டம் என்று சின்ன வழக்குகள் தினமும் அபராதத்தோடு முடியும். அண்ணன் கட்டுவார், முதலாளி கட்டுவார். ரசீது குற்றவாளி பெயருக்கு வரும். பணம் யாருடையது என்று கோர்ட் கேட்பதில்லை. சிறைத்தண்டனை அப்படியில்லை. "என்னைப் போடுங்கய்யா, அவன் சின்னப் பய" என்று தீர்ப்பு நாளில் கதறுகிற தாய்மாரை இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாரும் பார்த்திருப்பார்கள். எந்த நீதிபதியாலும் அதை ஒரு மனுவாகக்கூட எடுத்துக்கொள்ள முடியாது. ஏமாற்றி ஒருவனுக்குப் பதில் இன்னொருவன் உள்ளே போய், பிறகு அது தெரியவந்தால், ஆள்மாறாட்டம் என்று தனி வழக்கு வரும். அசல் ஆளின் தண்டனையில் ஒரு நாள்கூடக் குறையாது.

இது மனிதச் சட்டம், தேவனுடைய நீதி வேறு என்று சிலர் சொல்வார்கள். ஆனால் வேதமும் இதையேதானே சொல்கிறது? பிள்ளைகளுக்காகத் தகப்பனையும் தகப்பனுக்காகப் பிள்ளைகளையும் கொல்லக்கூடாது, அவனவன் பாவத்துக்கு அவனவனே என்று உபாகமம் 24:16. "பாவஞ்செய்கிற ஆத்துமாவே சாகும்" என்று எசேக்கியேல் 18. துன்மார்க்கனை விடுவிப்பதும் நீதிமானைக் குற்றவாளியாக்குவதும் இரண்டுமே கர்த்தருக்கு அருவருப்பு என்று நீதிமொழிகள் 17:15. எல்லாவற்றுக்கும் மேல் யாத்திராகமம் 32. ஜனங்கள் பொன் கன்றுக்குட்டியைச் செய்து வணங்கியபிறகு மோசே ஜனங்களுக்காக மன்றாடி, இவர்களை மன்னியாவிட்டால் உம்முடைய புஸ்தகத்திலிருந்து என் பெயரைக் கிறுக்கிப்போடும் என்கிறார். கர்த்தர் அதை ஏற்கவில்லை. எனக்கு விரோதமாய்ப் பாவம் செய்தவன் பெயரைத்தான் கிறுக்கிப்போடுவேன் என்கிறார். பதிலாளாக நிற்க ஒருவர் மனதார முன்வந்தும் மறுக்கப்பட்ட இடம் இது. சீனாய் மலையில் மோசேக்கு மறுத்ததைக் கல்வாரியில் எப்படி ஏற்றுக்கொண்டார்?

இன்னொன்று. மத்தேயு 18-ல் பதினாயிரம் தாலந்து கடன்பட்டவனை ராஜா விட்டுவிடுகிறான். அவனுக்காக வேறு யாரும் கட்டவில்லை. கெட்ட குமாரனின் தகப்பன் மூத்தவனை அடித்துவிட்டு இளையவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. திமிர்வாதக்காரனிடம் உன் பாவங்கள் மன்னிக்கப்பட்டது என்று இயேசு சொன்னபோது சிலுவை இன்னும் நடக்கவே இல்லை. கடன் கட்டப்பட்டுவிட்டால் அது வசூல். விட்டுவிட்டால் அது மன்னிப்பு. இரண்டும் ஒரே சமயத்தில் எப்படி?

ஏசாயா 53 எனக்குத் தெரியும், சிறுவயதில் மனப்பாடமாகச் சொன்ன அதிகாரம். "கர்த்தரோ நம்மெல்லாருடைய அக்கிரமத்தையும் அவர்மேல் விழப்பண்ணினார்" என்ற வரியை விட்டுவிட நான் தயாராக இல்லை. அதனால்தான் கேட்கிறேன். ஓய்வுநாள் பள்ளியில் பெரிய பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். நானே நம்பாத ஒரு கதையை அவர்கள் முன்னால் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.


சபை வரலாறு வாசகன் எழுதியது:

அக்கா, உங்கள் கேள்விக்குள் இரண்டு கோட்பாடுகள் பின்னிக் கிடக்கின்றன. பிரசங்கங்களிலும் அவை அப்படித்தான் வருகின்றன. பிரித்துப் பார்த்தால் பாதிச் சிக்கல் அவிழும் என்று நினைக்கிறேன்.

முதல் ஆயிரம் வருஷம் சபையில் அதிகம் பேசப்பட்டது தண்டனை அல்ல, மீட்பு. மனிதன் பிசாசின் பிடியில் இருந்தான், கிறிஸ்து தம்மைக் கொடுத்து மீட்டார். நான்காம் நூற்றாண்டு ஆயர் நீசாவின் கிரகோரியார் இதைத் தூண்டிலாகச் சொன்னார்: மனித உடல் இரை, உள்ளே தெய்வீகம் முள், பிசாசு விழுங்கி மாட்டிக்கொண்டான். அவர் காலத்திலேயே நசியான்சின் கிரகோரியார் இதை எதிர்த்தார். மீட்கும்பொருள் யாருக்குக் கொடுக்கப்பட்டது, கொள்ளைக்காரனாகிய பிசாசுக்கா, பிதாவுக்கா என்று கேட்டு இரண்டையும் மறுத்தார். உங்கள் கேள்விக்கு ஆயிரத்து அறுநூறு வயதுக்கு மேல் ஆகிறது.

அப்புறம் அன்செல்ம். காண்டர்பரியின் பேராயர். இங்கிலாந்து ராஜா இரண்டாம் வில்லியமோடு மோதி நாட்டை விட்டு வெளியேறி, 1098-ல் இத்தாலியில் காப்புவாவுக்குப் பக்கத்து மலைக்கிராமம் ஒன்றில், கடவுள் ஏன் மனிதரானார் என்ற நூலை எழுதி முடித்தார். போசோ என்ற துறவி கேட்க அவர் பதில் சொல்வதாக அமைந்த நூல். போசோ எளிதில் விடுகிறவர் இல்லை. குற்றமில்லாதவரைத் தண்டித்துக் குற்றவாளியை விடுவித்தால் எந்த மனிதனையும் நாம் குற்றம் சொல்ல மாட்டோமா, கடவுள் செய்தால் மட்டும் எப்படி நீதி என்று அவரே கேட்கிறார்.

அன்செல்மின் பதிலில் ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாவத்தையும் தொடர்ந்து ஒன்று ஈடு வரவேண்டும், இல்லையென்றால் தண்டனை வரவேண்டும். இரண்டில் ஒன்று. ஈடு செய்யப்பட்டால் தண்டனைக்கு இடமே இல்லை. ஆக, அன்செல்மின் கணக்கில் பிதா குமாரனைத் தண்டிக்கவே இல்லை. மனிதன் கடவுளுக்கு உரியதைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டான். திருப்பிக் கொடுத்தால் மட்டும் போதாது, அவமதிப்புக்கு மேற்கொண்டு ஒன்று தரவேண்டும். ஆனால் மனிதனிடம் இருப்பதெல்லாம் ஏற்கெனவே கடவுளுக்குக் கடன்பட்டது, மேற்கொண்டு தர எதுவும் கிடையாது. கிறிஸ்து பாவமில்லாதவர், ஆகவே சாகக் கடமைப்படாதவர். அவர் தந்த உயிர் கடனுக்கு மேற்பட்ட கொடை. அந்தக் கொடை மனிதருக்காக நிற்கிறது. இதில் எங்கும் சவுக்கு பிதாவின் கையில் இல்லை.

தண்டனை என்ற சட்டகம் முழு வடிவத்தில் வருவது 16-ஆம் நூற்றாண்டில். புராட்டஸ்டண்ட் சீர்திருத்தவாதி கால்வின் ஆர்லியான்சிலும் பூர்ஜிலும் சட்டம் படித்தவர், உங்கள் துறை. இயேசு கள்ளர் கையாலோ கலவரத்திலோ செத்திருந்தால் அதில் ஈடு எதுவும் தெரிந்திருக்காது, ஒரு நீதிபதியின் தீர்ப்பால் சாகவேண்டியிருந்தது என்கிறார். குற்றமில்லை என்று, தீர்ப்புச் சொன்ன ரோம ஆளுநர் பிலாத்துவே வாயால் சொல்லியும் தண்டித்ததால், பிறருடைய குற்றத்தைத்தான் அவர் சுமந்தார் என்பது வெளிப்படையாயிற்று என்பது அவர் வாதம். அன்செல்மின் "ஈடு அல்லது தண்டனை" இங்கே "தண்டனையே ஈடு" என்று ஆகிவிடுகிறது. பிரசங்க நீதிபதி இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நிற்கிறார். தீர்ப்பு கால்வினுடையது, கட்டுகிற பணம் அன்செல்முடையது.

நீங்கள் சொன்ன ஆட்சேபணையை இதே கூர்மையோடு எழுதியவர் ஃபாஸ்டோ சோசினஸ், சியன்னாவின் வழக்கறிஞர் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய நூல் 1594-ல் அச்சானது. கடன் தீர்க்கப்பட்டால் மன்னிப்பு இல்லை, மன்னிக்கப்பட்டால் தீர்ப்பது இல்லை. என் பணம் உன் பணமாகலாம், என் சாவு உன் சாவாகாது. இதுதான் சாரம். சோசினஸ் திரித்துவத்தையும் மறுத்தவர் என்பதால் அவரைத் தள்ளுவது எல்லாருக்கும் சுலபமாகிவிட்டது. வாதம் மட்டும் தள்ளுபடி ஆகவில்லை.

அவருக்கு 1617-ல் பதில் எழுதியவரும் ஒரு சட்டமேதைதான்: ஹாலந்தின் ஹூகோ குரோஷியஸ். கடவுளைக் கடன் கொடுத்தவராகப் பார்க்காதே, ஆளுகிறவராகப் பார் என்றார். சட்டத்தைத் தளர்த்தும் அதிகாரம் ஆளுகிறவருக்கு உண்டு, ஆனால் சட்டம் மதிப்பிழக்காதபடி செய்யவேண்டும், அதற்காகவே சிலுவை என்றார். இதே குரோஷியஸுக்கு 1619-ல் ஆயுள் சிறை கிடைத்தது. 1621-ல் அவருடைய மனைவி மரியா அவரைப் புத்தகப்பெட்டிக்குள் படுக்கவைத்துக் கோட்டையிலிருந்து வெளியே அனுப்பிவிட்டு, அந்த அறையில் தான் தங்கிவிட்டார். பிறகு மரியாவையும் விட்டுவிட்டார்கள். அங்கே இருந்த நாட்களில் மரியா கணவரின் தண்டனையை அனுபவித்தார் என்று ஹாலந்து அரசு ஒருநாளும் கணக்கு வைக்கவில்லை. கோர்ட்டில் அழும் உங்கள் தாய்மாரைப் படித்ததும் எனக்கு மரியாதான் நினைவுக்கு வந்தார்.

உங்கள் கேள்வியில் வராத ஒரு விளைவையும் சொல்கிறேன். எல்லாருடைய தண்டனையும் அனுபவித்து முடிந்தது என்றால் அதே குற்றத்துக்கு யாரையும் மறுபடி தண்டிக்கக்கூடாது. ஆகவே ஒன்று எல்லாரும் தப்பவேண்டும், இல்லையென்றால் கிறிஸ்து சிலருக்காக மட்டுமே மரித்திருக்கவேண்டும். 1640-களில் ஜான் ஓவன் இரண்டாவது வழியை எடுத்தார். ஸ்காட்லாந்தில் ஜான் மக்லாயிட் கேம்பல் என்ற போதகர் எல்லாருக்காகவும் மரித்தார் என்று போதித்ததால் 1831-ல் சபைப் பேரவை அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. அவர் 1856-ல் தன் நூலை வெளியிட்டார். கிறிஸ்து சுமந்தது தண்டனை அல்ல, மனிதர் பாவத்தின் மேல் பிதாவின் தீர்ப்புக்கு மனிதர் சார்பில் அவர் சொன்ன முழுமையான ஆமென் என்பது அவர் கருத்து. எனக்கு இந்த வாதத்தில் மிகவும் பிடித்த மனிதர் இவர்தான். பதவி போனபின்பும் கசப்பில்லாமல் எழுதினார்.


ரோமர் ஐந்து எழுதியது:

சகோதரிக்கு ஸ்தோத்திரம். நான் மறுபக்கத்திலிருந்து எழுதுகிறேன். தண்டனை என்ற சொல்லை அவ்வளவு சீக்கிரம் விட்டுவிடாதீர்கள்.

கோர்ட்டில் நீதிபதி ஒருவர், குற்றவாளி ஒருவர், பதிலாள் மூன்றாவது ஆள். மூன்று பேரும் தனித்தனி என்பதால்தான் அநீதி. சிலுவையில் அந்த மூன்றாம் ஆள் கிடையாது. தேவன் கிறிஸ்துவுக்குள் இருந்து உலகத்தைத் தம்மோடு ஒப்புரவாக்கினார் என்று பவுல் சொல்கிறார். தீர்ப்பு சொன்னவரும் சுமந்தவரும் ஒருவரே. என் ஜீவனை ஒருவனும் என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்கிறதில்லை, நானே கொடுக்கிறேன் என்பது யோவான் 10. மறுபக்கம், நாமும் அவருக்கு வெளியே இல்லை. ஒருவர் எல்லாருக்காகவும் மரித்தார், ஆகவே எல்லாரும் மரித்தார்கள் என்று 2 கொரிந்தியர் 5:14 இருக்கிறது. நமக்குப் பதில் அவர் செத்தார், நாம் தப்பினோம் என்பது மட்டும் அல்ல, அவரோடு நாமும் செத்தோம். ஆதாமுக்குள் நாம் எல்லாரும் இருந்ததுபோலக் கிறிஸ்துவுக்குள் இருக்கிறோம். மோசேக்கு அந்த இடம் இல்லை. அவர் ஜனங்களில் ஒருவர், ஜனங்களின் தலை அல்ல.

உங்கள் சட்டத்திலேயே ஒரு கேள்வி. எபிரெயர் 7:22 இயேசுவை உடன்படிக்கையின் பிணையாளி என்கிறது. ஜாமீன் நின்றவர் சிறைக்குப் போவது உங்கள் கோர்ட்டில் இல்லையா?

கடைசியாக என் அனுபவம். நான் சிறை ஊழியத்துக்குப் போகிறவன். கொலை செய்துவிட்டு உள்ளே இருக்கிறவரிடம் ஈடு, கொடை என்று பேசிப் பார்த்திருக்கிறேன். செத்தவனுக்கு ஈடே கிடையாது என்று அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். அவரைத் தூங்கவிடாமல் செய்வது தீர்ப்பு. கோர்ட் தீர்ப்பு அல்ல, உள்ளே ஓயாமல் வாசிக்கப்படுகிற தீர்ப்பு. ரோமர் 8:1-ல் இனி ஆக்கினைத்தீர்ப்பில்லை என்று வாசிக்கும்போது, அந்தத் தீர்ப்பு யார்மேலோ உண்மையாகவே விழுந்தது, காற்றில் கரைந்துபோகவில்லை என்பதுதான் அவர்களைப் பிடித்து நிறுத்துகிறது. தன் குற்றம் சின்னது என்று யாராவது சொன்னால் அவர்கள் நம்ப மாட்டார்கள். நம்பவும் கூடாது. சிலுவை அப்படிச் சொல்லவில்லை என்பதால்தான் நம்புகிறார்கள்.


பாளை வக்கீல் எழுதியது:

அண்ணாச்சி, நீங்கள் சிறையைப் பற்றி எழுதியதை மெதுவாகப் படித்தேன். அதற்கு என்னிடம் எதிர்வாதம் இல்லை.

ஜாமீன் கேள்விக்கு மட்டும் இப்போது பதில். ஆம், உண்டு. ஆள் வாய்தாவுக்கு வராமல் ஓடிவிட்டால் ஜாமீன்தாரர் எழுதிக்கொடுத்த பத்திரத் தொகையைக் கட்டவேண்டும். கட்டவும் இல்லை, சொத்திலிருந்து வசூலிக்கவும் முடியவில்லை என்றால் அவரை ஆறு மாதம் வரை சிவில் சிறையில் வைக்கலாம். பழைய நடைமுறைச் சட்டத்தில் 446-வது பிரிவு, புதிய சட்டத்தில் 491. ஆனால் அவர் போவது ஓடிப்போனவனின் குற்றத்துக்காக அல்ல, தான் கொடுத்த வாக்கு தவறியதற்காக. ஓடியவன் மேல் பிடிவாரண்ட் அப்படியே நிற்கும், பிடிபட்டால் அவன்மேல் வழக்கு தொடர்ந்து நடக்கும். கொலை வழக்கில் ஜாமீன் நின்றவருக்கு யாரும் ஆயுள் தண்டனை கொடுப்பதில்லை.

ஆனாலும் பிணையாளி என்பது நீதிபதிக் கதையைவிட எனக்கு மேலாகப் படுகிறது. முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு, இந்த மனிதனுக்கு நான் பொறுப்பு என்று தன்னைக் கட்டிக்கொண்டவர் அவர்.


தத்துவ மாணவன் எழுதியது:

மேடம், நான் கிறிஸ்தவன் இல்லை, தத்துவம் படிக்கிறேன். உங்கள் அபராதம், சிறை வேறுபாட்டைப் படித்ததும் டேவிட் லூயிஸ் நினைவுக்கு வந்தார். அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர், அவரும் விசுவாசி அல்ல. 1997-ல் இதைப் பற்றியே ஒரு சிறு கட்டுரை எழுதினார். அவர் நீங்கள் தொடங்கிய இடத்தில் தொடங்கி எதிர்ப்பக்கமாகப் போகிறார்.

கிறிஸ்தவர்கள் மற்ற விஷயங்களில் பதிலாள் தண்டனையை ஏற்பதில்லை, சிலுவையில் மட்டும் ஏற்கிறார்கள், இது முரண் என்று முதலில் காட்டுகிறார். அப்புறம் நம் பக்கம் திரும்புகிறார். சிநேகிதன் அபராதம் கட்டினால் நாம் யாரும் முகம் சுளிப்பதில்லை. அபராதமும் தண்டனைதானே? சில பேருக்குப் பெரிய அபராதம் சிறையைவிடக் கனமானது. தண்டனை குற்றவாளிக்கு வலிக்கவேண்டும் என்றால், வேறு யாரோ கட்டிவிட்டுப் போகும்போது நாம் ஏன் சும்மா இருக்கிறோம்? தடுக்க முடியாததால் என்று சொல்லிவிட முடியாது, அதைத் தவறு என்றே நாம் நினைப்பதில்லை. ஆக, பதிலாள் தண்டனையைப் பற்றி நாம் எல்லாருமே இரண்டு மனதாக இருக்கிறோம். கிறிஸ்தவர்களை மட்டும் குற்றம் சொல்வது சரியில்லை என்று முடிக்கிறார்.

இதனால் கோட்பாடு சரி என்று ஆகிவிடாது. ஆனால் நீதிபதிக் கதை ஏன் காலங்காலமாக வேலை செய்கிறது என்பது புரிகிறது. நம் மனதுக்குள் ஏற்கெனவே திறந்திருக்கிற ஒரு கதவு வழியாக அது நுழைகிறது.

பிரிட்டிஷ் தத்துவவாதி ரிச்சர்ட் ஸ்வின்பர்ன் 1989-ல் எழுதிய நூலில் வேறு வழி இருக்கிறது. தவறு செய்தவன் செய்யவேண்டியவை நான்கு என்கிறார்: மனம் வருந்துவது, மன்னிப்புக் கேட்பது, இழப்பை ஈடுகட்டுவது, அதற்கும் மேல் விருப்பத்தோடு ஒன்றைத் தருவது. முதல் இரண்டையும் வேறு யாரும் செய்து தர முடியாது. பின் இரண்டுக்கும் உதவி வாங்கலாம். கிறிஸ்துவின் வாழ்வும் மரணமும் அந்த இரண்டுக்காக நாம் எடுத்துக் கொடுக்கக் கிடைத்த கொடை. தண்டனை என்ற பேச்சே இதில் வராது. ஈடு எவ்வளவு வேண்டும் என்று சொல்லும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கு உண்டு என்றும் சொல்கிறார். எனக்கு மிச்சம் இருக்கிற கேள்வி அங்கேதான்: பாதிக்கப்பட்டவர் யார்?


முத்துநகர் மறைக்கல்வி எழுதியது:

கத்தோலிக்கப் பக்கத்திலிருந்து சுருக்கமாக. 13-ஆம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் இந்த விஷயத்தைக் கவனமாகப் பிரிக்கிறார். தண்டனையைத் தண்டனையாகவே எடுத்துக்கொண்டால், பாவம் செய்தவன் மட்டுமே அதற்கு உரியவன். ஆனால் ஒருவர் மனமுவந்து ஏற்கிற பரிகாரம் என்றால், அன்பினால் ஒன்றாகிவிட்ட இருவரில் ஒருவர் மற்றவருக்காகச் சுமக்கலாம். கிறிஸ்து தலை, நாம் உறுப்புகள், இரண்டும் சேர்ந்து ஒரே ஆள் போல என்பதால் அவருடைய பரிகாரம் நம்முடையது. வக்கீல் அக்காவின் ஆட்சேபணையும் ரோமர் ஐந்து ஐயாவின் பதிலும் இதில் ஒன்றாகவே இருக்கின்றன.

இன்னொன்று, நாங்கள் பிள்ளைகளுக்குப் பாவசங்கீர்த்தனம் சொல்லிக்கொடுக்கும்போது அழுத்திச் சொல்வது. திருடியவன் சாமியாரிடம் அறிக்கையிட்டுப் பாவமன்னிப்புப் பெற்றாலும், திருடியதைத் திருப்பிக் கொடுக்கிற கடமை போகாது. சிலுவை இருக்கிறதே என்று பொருளை வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. வரிவசூல்காரன் சக்கேயு, ஏமாற்றி வாங்கியதை இயேசுவிடம் நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றபோது, வேண்டாம், நான் உனக்காகக் கட்டிவிடுகிறேன் என்று இயேசு சொல்லவில்லை. இன்று இந்த வீட்டுக்கு மீட்பு உண்டாயிற்று என்றுதான் சொன்னார்.


பாளை வக்கீல் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. தம்பி கேட்ட "பாதிக்கப்பட்டவர் யார்" என்பதுதான் என் கேள்விக்கு அடியில் இருந்த கேள்வி என்று இப்போது தெரிகிறது.

அன்செல்மில் பாதிக்கப்பட்டவர் கடவுள். கால்வினிலும் கடவுள். குரோஷியஸில் கடவுளின் ஆளுகை. சங்கீதம் 51-ல் தாவீது "தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து" என்று அழுகிறான். வருஷாவருஷம் சாம்பல் புதன்கிழமை இதை வாசிக்கிறோம். ஒவ்வொரு தடவையும் எனக்குள் ஒரு குரல் கேட்கும்: உரியா எங்கே? அவன் மனைவியை எடுத்துக்கொண்டு, அவனைக் கொல்லச் சொல்லும் கடிதத்தை அவன் கையிலேயே கொடுத்து அனுப்பியவன், தேவனுக்கு ஒருவருக்கே பாவம் செய்தேன் என்கிறான். என் தொழிலில் இது கேட்டுக் கேட்டுப் பழகிய பேச்சு. சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன்மா என்று கட்சிக்காரர்கள் சொல்வார்கள். வெளியே வராந்தாவில் செத்தவனின் அம்மா உட்கார்ந்திருப்பார். அவரிடம் யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள்.

முத்துநகர் சகோதரி சக்கேயுவைச் சொன்னதும் லேவியராகமம் 6-ஐ எடுத்துப் பார்த்தேன். ஒருவன் அயலானை ஏமாற்றிப் பொருளை வைத்துக்கொண்டால், முதலையும் அதோடு ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்து உரியவனுக்குக் கொடுக்கவேண்டும். குற்றநிவாரண பலி செலுத்துகிற அதே நாளில் கொடுக்கவேண்டும். பலி அந்த இழப்பீட்டுக்குப் பதிலாக வரவில்லை, கூடவே வருகிறது. யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவும் இதையே சொல்கிறது: மனிதனுக்கும் மனிதனுக்கும் நடுவிலுள்ள குற்றத்துக்கு, அந்த மனிதனைச் சமாதானப்படுத்தும்வரை பாவநிவாரண நாள் நிவிர்த்தி தராது. காணிக்கையைப் பீடத்தின்முன் வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்று இயேசு சொன்னது இந்த மரபுக்குள் நின்றுதான்.

ஆகவே நான் இப்போது நிற்கிற இடம் இது. குற்றமில்லாதவர்மேல் தண்டனையை மாற்றிப் போடுவது தேவனுடைய நீதி என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்ல மாட்டேன். நீதிபதிக் கதையையும் சொல்ல மாட்டேன். பிணையாளியாகத் தம்மைக் கட்டிக்கொண்டு, நாம் கொடுக்க முடியாத ஈட்டை நம்மில் ஒருவராக நின்று கொடுத்தார் என்று சொல்வேன். ஏசாயா 53-ஐ அப்படியே வாசிக்க வைப்பேன், லேவியராகமம் 6-ஐயும் சேர்த்து. அண்ணாச்சி சொன்ன கொலைக் கைதிக்கு நான் சொல்லக்கூடியது இதில் குறைவுதான், அது தெரிகிறது. ஆனால் அந்த வராந்தாவில் உட்கார்ந்திருக்கிற அம்மாவை மறந்துவிட்டுச் சொல்லப்படும் எந்த விடுதலையையும் என்னால் நற்செய்தி என்று சொல்ல முடியவில்லை.

தாவீது கதையில் இன்னொன்று தீராமல் நிற்கிறது. கர்த்தர் உன் பாவம் நீங்கச்செய்தார், நீ சாவதில்லை என்று தீர்க்கதரிசி நாத்தான் சொல்கிறார். அடுத்த வாக்கியத்திலேயே உரியாவின் மனைவியிடம் தாவீதுக்குப் பிறந்த பிள்ளை சாகும் என்கிறார். ஏழாம் நாள் செத்தும் போகிறது. எசேக்கியேல் 18-ஐ வைத்துப் பார்த்தால் அந்தப் பிள்ளைமேல் எந்த வழக்கும் இல்லை. தாவீதின் பாவத்துக்கு வந்த தண்டனை என்று சிலர், பாவத்தின் பின்விளைவு மட்டும் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள், இரண்டுமே எனக்குப் போதவில்லை. இதைப் படித்து யோசித்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.


சபை வரலாறு வாசகன் எழுதியது:

அக்கா, பிள்ளையைப் பற்றி என்னிடமும் பதில் இல்லை. உரியாவைப் பற்றி ஒன்று மட்டும். மத்தேயு முதல் அதிகாரத்து வம்ச அட்டவணையில் தாவீது எடுத்துக்கொண்ட பத்சேபாளின் பெயர் இல்லை, "உரியாவின் மனைவி" என்றுதான் வருகிறது. இயேசுவின் முன்னோர் வரிசையை எழுத உட்கார்ந்தவர், கொல்லப்பட்டவன் பெயரை விடாமல் எழுதியிருக்கிறார். லேவியராகமப் பாடத்தோடு இதையும் வகுப்பில் சேர்த்துக்கொள்ளலாம்.